கால் கழுவுற பேசின்: ஒரு சின்ன வரலாறு

போன வருசக் கடைசியில் ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தி, அம்மம்மாவுக்கு எண்டு ஒரு பெட்டி கொண்டுவந்தா. உள்ளே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுச் சுவிச்சைப் போட்டால் குமிழ் குமிழாய் வரும், அடிப்பக்கம் அதிரும், கால் நோவெல்லாம் பறந்துபோகும் எண்டு சொல்லிக்கொண்டே சித்தி பிளக்கைப் போட்டா. ‘டப்’ எண்டு ஒரு சத்தம், பிறகு ஒரு கருகல் மணம். அவ்வளவுதான். கனடா வீடுகளுக்கு வருவது 120 வோல்ற் கரண்ட், எங்களுக்கு வருவது 230. நல்லகாலம், அந்த நேரம் ஒருவரும் காலை உள்ளே வைத்திருக்கவில்லை. அம்மம்மா பெரிசாய்க் கவலைப்படவும் இல்லை. “பரவாயில்லை, கோழிக்குத் தண்ணி வைக்க உதவும்” எண்டா.

நான்தான் விடவில்லை. மோட்டர் போனால் என்ன, அது இப்பவும் ஒரு பேசின்தானே? தண்ணி சூடாக்கி வாறன், காலைக் காட்டுங்கோ, நான் கழுவிவிடுறன் எண்டன். அம்மம்மா சட்டென்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டா. நாற்பது வருசத்துக்கு மேல் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த கால் அது. குதிக்கால் வெடிப்புக்குள் ஏறிய சிவப்பு எத்தனை தரம் உரஞ்சினாலும் போகாது. கலியாண வீடுகளிலும் அவ காலை நீட்டி இருந்து நான் கண்டதில்லை. “உனக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?” எண்டு மட்டும் கேட்டா.

‘இந்த வேலை’ எண்ட அந்தச் சொல் எனக்குள் நிண்டுபோச்சு. முகம் கழுவிவிட்டால் அது அன்பு. தலை இழுத்துவிட்டால் அது பாசம். கால் கழுவிவிட்டால் மட்டும் ஏன் அது ‘வேலை’ ஆகுது? கழுவுகிறவருக்கும் கூச்சம், கழுவப்படுகிறவருக்கும் கூச்சம். இந்தக் கூச்சம் எங்கே இருந்து வந்தது? வரலாறு படிக்கிற ஆள் எண்டபடியால் எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். கால் கழுவும் பாத்திரத்தின் பின்னால் போனால், கிட்டத்தட்ட மனிசரின் மேல் கீழ் வரலாறு முழுக்கவே வருகுது.

அரசனின் தங்கத் தொட்டி

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்தை கி.மு. 570 முதல் 526 வரை ஆண்ட அமாசிஸ் என்ற அரசனைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். அமாசிஸ் அரச பரம்பரை இல்லை. சாதாரண குடும்பத்தில் பிறந்து, படையில் இருந்து, ஒரு கலகத்தின் வழியாக அரசுக்கு வந்தவன். ஆகவே தொடக்கத்தில் எகிப்தியர் அவனைப் பெரிதாக மதிக்கவில்லை. அவனிடம் ஒரு தங்கத் தொட்டி இருந்தது. அவனும் அவனுடைய விருந்தாளிகளும் கால் கழுவுகிற தொட்டி. அதை உடைத்து உருக்கி, ஒரு கடவுள் சிலை செய்வித்து, நகரத்தில் பொருத்தமான இடமாகப் பார்த்து வைத்தான். சனம் வந்து பயபக்தியோடு கும்பிட்டது.

பிறகு அமாசிஸ் எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். நீங்கள் கும்பிடுகிற இந்தச் சிலை, முன்னம் நீங்கள் கால் கழுவின, சத்தி எடுத்த, சிறுநீர் கழித்த அதே தொட்டிதான். என்னுடைய கதையும் அப்படித்தான், முன்னம் உங்களில் ஒருவன், இப்போது உங்கள் அரசன், அதற்குரிய மரியாதையைத் தாருங்கள் என்றான். ஹெரோடோட்டஸ் இதை அமாசிஸின் கெட்டித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தங்கம் மாறவே இல்லை, அதே தங்கம்தான். மாறினது அது என்ன வேலைக்குப் பயன்பட்டது என்பது மட்டுமே. கால் தொட்ட பாத்திரம் கீழ், கையெடுத்துக் கும்பிடுகிற பாத்திரம் மேல். 2500 வருசங்களுக்கு முன்பே இந்த ஏணி போடப்பட்டுவிட்டது.

கை யாருடையது?

ஹோமரின் ஒடிசியில் இன்னொரு தொட்டி வருகிறது. இருபது வருசம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான் ஒடிசியஸ். வந்த விருந்தாளியின் காலைக் கழுவிவிடும்படி, அவனை வளர்த்த கிழவி யூரிக்லியாவிடம் சொல்லப்படுகிறது. முழங்காலுக்கு மேல் இருந்த பழைய பன்றித் தழும்பு கையில் பட்டதும் அவள் ஆளை அடையாளம் கண்டுவிடுகிறாள். பிடித்த கால் நழுவித் தொட்டியில் அடிக்க, தொட்டி சரிந்து தண்ணீர் கொட்டுகிறது. மனைவியின் கண்ணுக்குத் தெரியாத ஆளைக் கிழவியின் கை கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அவள் யார்? ஒடிசியஸின் தகப்பன் காசு கொடுத்து வாங்கிய அடிமை. அந்தக் கைக்கு அவ்வளவு தெரிந்திருந்ததற்குக் காரணமே, வாழ்நாள் முழுக்க அந்த வீட்டாரின் உடம்பைக் கழுவும் வேலை அவளுடையதாக இருந்ததுதான்.

பைபிளின் ஆதியாகமத்தில் ஆபிரகாம் மூன்று வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் கால் கழுவச் சொல்கிறார். தண்ணீர் கொடுப்பது விருந்தோம்பல், கழுவுவது அவரவர் பாடு. மற்றவரின் காலை ஒருவர் கழுவினால் அது அடிமையின் வேலை. இந்தப் பின்னணி தெரியாமல் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம் விளங்காது. இயேசு துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடரின் காலைக் கழுவ வரும்போது பேதுரு மறுக்கிறார். என் அம்மம்மா காலை இழுத்த மாதிரித்தான். தனக்கு மேலான ஆள் தனக்குக் கீழான வேலையைச் செய்தால், அந்த ஏணி முழுக்க ஆட்டம் காணுமே!

பிறகு இந்தச் செயல் ஒரு சடங்கானது. பெரிய வியாழனன்று பாப்பரசரும் ஆயரும் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார்கள். ஐரோப்பிய அரசர்களும் ஏழைகளின் காலைக் கழுவினார்கள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அப்படிச் செய்ததைப் பற்றிய குறிப்பில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. அரசி வருவதற்கு முன்னரே, சலவைப் பணியாளரும் தானதரும அதிகாரிகளும் அந்த ஏழைகளின் கால்களை வரிசையாகக் கழுவி முடித்துவிடுவார்கள். ஏற்கெனவே சுத்தமான, வாசனைத் தண்ணீரில் தோய்ந்த காலைத்தான் அரசி தொட்டார். உண்மையில் ஊத்தை கழுவிய கை எப்போதும்போல வேலைக்காரர்களுடையதே. பிற்காலத்தில் இங்கிலாந்து அரசர்கள் அதையும் விட்டுவிட்டார்கள். இன்று அந்த நாளில் கால் கழுவுவது இல்லை, விசேட வெள்ளி நாணயங்கள் கொடுப்பதோடு சரி.

2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் அந்தச் சடங்கைப் பேராலயத்தில் செய்யாமல், ரோமில் உள்ள ஓர் இளையோர் சிறைக்குப் போய்ச் செய்தார். அவர் கழுவிய கால்களில் பெண்களின் கால்களும் இருந்தன, ஒரு முஸ்லிம் பிள்ளையின் காலும் இருந்தது. பெண்கள் காலையும் கழுவலாம் என்று 2016இல்தான் சட்டமே மாற்றப்பட்டது. ஒரு பேசின் தண்ணீருக்கு எத்தனை நூற்றாண்டு எடுத்திருக்கிறது பாருங்கள்.

விசாகை கொண்டுவந்த மூன்று பொருள்

எங்கள் பக்கத்துக்கு வந்தால், காலைப் பற்றி மிகத் தெளிவாகச் சட்டம் எழுதிவைத்தது பௌத்த விநயபிடகம்தான். வந்த பிக்குவுக்கு மூன்று பொருள் வைக்க வேண்டும் என்கிறது: கால் கழுவத் தண்ணீர், கால் வைக்க ஒரு பீடம், கால் உரஞ்ச ஒரு பொருள். ஞானம் பெற்ற புத்தர் இசிபதனத்துக்கு வரும்போது, பழைய தோழர் ஐந்து பேரும் அவரை வரவேற்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அவர் கிட்ட வந்ததும் அந்தத் தீர்மானம் நிற்கவில்லை. ஒருவர் பாத்திரத்தை வாங்கினார், ஒருவர் இருக்கை போட்டார், ஒருவர் கால் கழுவத் தண்ணீர் வைத்தார். மரியாதை திரும்பி வந்ததன் அடையாளமே அந்தத் தண்ணீர்தான்.

இன்னொரு இடத்தில், சாவத்தி நகரத்துச் செல்வந்தப் பெண் விசாகை மூன்று பொருட்களைத் தானமாகக் கொண்டு வருகிறாள்: ஒரு குடம், ஒரு கால் உரஞ்சி, ஒரு விளக்குமாறு. புத்தர் குடத்தையும் விளக்குமாற்றையும் ஏற்றுக்கொள்கிறார். கால் உரஞ்சியை ஏற்கவில்லை. அது தாமரையின் நடுப் பொகுட்டு வடிவில், மேலே சிறு முனைகள் எழுப்பிச் செய்த ஆடம்பரப் பொருள் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அதற்குப் பதிலாக மூன்று வகையை அனுமதிக்கிறார்: கல், ஓட்டுத்துண்டு, கடல்நுரை. அதாவது, குதிக்கால் உரஞ்சலாம், அதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் காசு செலவழிக்கத் தேவையில்லை. மலிவான பெடிகியூருக்கு இதைவிடப் பழைய சட்டம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. சீடன் குருவுக்குக் கால் கழுவத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லும் அதே விநயம், சீடன் நோய்ப்பட்டால் குரு அவனுக்கு அதே பணிவிடைகளைச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. வயிற்றோட்டத்தில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை, புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவியதாகவும் அதில் வருகிறது. கை ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் நீளவில்லை.

எங்கட முற்றத்தில்

எங்கள் கலியாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பொம்பிளையின் தம்பி செம்பில் தண்ணி எடுத்து அவர் காலைக் கழுவிவிடுவான், மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். சிங்களவரிடமும் இதே வழக்கம் உண்டு. அதைக் கண்டு ஒருவரும் கூச்சப்படுவதில்லை, வீடியோக்காரர் கிட்டப் போய் எடுக்கிறார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் ஏற முடியாது. அப்படிப் பார்த்தால் எங்கட ஆக்கள் காலைப் பற்றி நிறைய யோசித்தவர்கள்தான்.

ஆனால் இந்தப் படத்தில் வராத பக்கம் ஒன்று இருக்குது. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கிணறுதான் எல்லாம். அந்தக் கிணத்தில் யார் வாளி போடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் கிணத்துக்கு எட்டத்தில் நிண்டு, யாராவது அள்ளி ஊத்தும் வரைக்கும் காத்திருந்தார்கள். செருப்புப் போடுவதற்கும் தடை இருந்தது. முடி வெட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் பிறப்பால் சில குடும்பங்களின் தலையில் கட்டப்பட்டன. கோவிலுக்குள் போகிறவர் வாசலில் கால் கழுவிக்கொண்டு போனார், அந்தக் கோவிலுக்குள் காலே வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் 1968இல் மாவிட்டபுரத்து வாசலில் போராட வேண்டியிருந்தது. ஆக, ‘உனக்கு ஏன் இந்த வேலை’ எண்ட கேள்வி ஊத்தையைப் பற்றியது மட்டும் இல்லை. இது யாருடைய வேலை என்று ஏற்கெனவே முடிவெடுத்து வைத்த ஒரு சமூகத்தின் கேள்வி அது. என் அம்மம்மா அதை யோசித்துக் கேட்டிருக்க மாட்டா. யோசிக்காமல் வாயில் வருவதுதானே பழக்கம்.

நெசவாளியின் மகனும் ஒரு மரத்தொட்டியும்

மற்றவர் கழுவிவிடாமல், அவரவர் தன் வீட்டில் தன் காலைத் தானே தண்ணீரில் வைப்பதை ஒரு வைத்தியமாக ஊர் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் செபஸ்தியான் கினைப். ஜெர்மனியின் பவேரியாவில் 1821இல் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். குருமடத்தில் படிக்கிற காலத்தில் நெஞ்சு வருத்தம் வந்து, வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், தண்ணீர் வைத்தியம் பற்றிய ஒரு பழைய சிறு புத்தகம் கையில் கிடைத்தது. 1849இல் குளிர்காலத்து டானியூப் ஆற்றில் சில விநாடிகள் முங்கி எழும்பத் தொடங்கினார். சுகமாகி, குருவானவரும் ஆனார்.

வோரிஸ்ஹோபன் என்ற கிராமத்தில் இருந்துகொண்டு அவர் சனத்துக்குச் சொன்னதெல்லாம் கையில் காசு இல்லாதவர் செய்யக்கூடியவை. ஒரு மரத்தொட்டி, வெந்நீர், அதில் உப்பும் விறகுச் சாம்பலும், அல்லது காய்ந்த வைக்கோல் பூ. விடிய எழும்பிப் பனி பட்ட புல்லில் வெறுங்காலோடு நடப்பது. 1886இல் இதையெல்லாம் எழுதி ஒரு புத்தகம் போட, அது பல மொழிகளுக்குப் போனது. சனம் திரள் திரளாக வந்ததில் அந்தக் கிராமமே ஒரு மருத்துவ நகரமானது. அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொள்ளாது, காச நோயைத் தண்ணீரால் மாற்ற முடியாது. ஆனால் ஒன்றை மாற்றிவிட்டார். கால் கழுவுவதில் இருந்து ஆண்டானையும் அடிமையையும் எடுத்துவிட்டு, தொட்டியையும் தண்ணீரையும் மட்டும் மிச்சம் விட்டார்.

இந்தத் தொட்டிக்குள் குமிழ் வந்த கதையும் ஒரு தகப்பனின் கவலையில் இருந்து தொடங்குது. இத்தாலியில் இருந்து கலிபோர்னியாவுக்குப் போன ஜக்குசி சகோதரர்கள் தோட்டக் கிணறுகளுக்குப் பம்பு செய்து விற்றவர்கள். அவர்களில் ஒருவரான கண்டிடோவின் சின்ன மகனுக்கு மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் சுழல் தண்ணீரில் வைத்தால் பிள்ளைக்கு நோவு குறைந்தது, ஆனால் வீட்டில் அது இல்லை. தகப்பன் 1940களின் கடைசியில் தங்கட பம்பையே குளியல் தொட்டிக்குள் வைக்கிற மாதிரி மாற்றினார். 1950களில் அது விற்பனைக்கு வந்தது. கொஞ்சக் காலத்தில் நோயாளியின் கருவி பணக்காரரின் சுகமானது. பிறகு அதே யோசனை சின்னதாகி, மலிவாகி, எங்கட சித்தியின் பெட்டிக்குள் வந்து ‘டப்’ எண்டு வெடித்தது.

ஒரு சின்னத் தொட்டி, இரண்டு சோடி கால்

1964 ஜூன் 18. அமெரிக்காவின் புளோரிடாவில் சென் ஓகஸ்ரின் நகரத்து விடுதி ஒன்றின் நீச்சல் குளத்துக்குள், நிறவெறிக்கு எதிராகப் போராடிய கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக இறங்கினார்கள். விடுதி உரிமையாளர் குளத்துக்குள் அமிலத்தை ஊற்றினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. சட்டம் மாறிய பிறகும் மனம் மாறவில்லை. பல ஊர்களில் கறுப்பரோடு ஒரே தண்ணீரில் இறங்குவதைவிடக் குளத்தை மூடிவிடுவது மேல் என்று மூடினார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு எங்கட கிணறுகள்தான் ஞாபகம் வந்தது.

1969 மே மாதம், பிரெட் ரோஜர்ஸ் நடத்திய சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு காட்சி. சரியான வெயில். முற்றத்தில் சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் காலை வைத்துக்கொண்டு இருக்கிறார் ரோஜர்ஸ். பொலிஸ்காரர் வேடத்தில் நடித்த கறுப்பினப் பாடகர் பிரான்சுவா கிளெமன்ஸ் அந்தப் பக்கம் வருகிறார். நீங்களும் காலை வையுங்கோவன் என்கிறார் ரோஜர்ஸ். என்னிடம் துவாய் இல்லை என்கிறார் அவர். என்னுடையதைப் பாவிக்கலாம் என்கிறார் இவர். இரண்டு சோடி கால்களும் ஒரே தண்ணீருக்குள். ஒரு பிரசங்கமும் இல்லை, நிகழ்ச்சி தன்பாட்டில் போகிறது. 1993இல் கிளெமன்ஸ் கடைசியாக வந்த நிகழ்ச்சியிலும் அதே காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். இந்தத் தரம் அவருடைய காலை ரோஜர்ஸ் துவாயால் துடைத்துவிடுகிறார். இங்கே ஏணி இல்லை. அரசன் ஏழைக்கு இரங்கிய கதையும் இல்லை. ரெண்டு அயலவர், ஒரு பேசின், அவ்வளவுதான்.

அகதிகளின் கை

இன்று உலகத்தில் கால் பராமரிப்பு சாதாரண ஆள் காசு கொடுத்து எடுக்கக்கூடிய ஒன்றானதற்கு அகதிகளும் காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா? 1975 ஏப்ரல் 30இல் சைகொன் விழுந்தது. அமெரிக்காவுக்குத் தப்பிப் போன வியட்நாமியருக்காக கலிபோர்னியாவில் சக்கரமென்ரோவுக்குக் கிட்ட ‘நம்பிக்கைக் கிராமம்’ என்ற பெயரில் ஒரு முகாம் இருந்தது. ஹிச்கொக் படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அங்கே உதவிக்குப் போவார். அந்தப் பெண்களுக்குத் தையல், தட்டச்சு என்று ஏதாவது தொழில் பழக்கலாமா என்று முயற்சி நடந்தது. ஆனால் அவர்கள் கவனித்தது ஹெட்ரனின் நகங்களை. அவர் தன்னுடைய நக அலங்காரக் கலைஞர் டஸ்டி கூட்ஸை முகாமுக்கு வரவழைத்தார். 20 பெண்கள் தொழில் பழகினார்கள், பிறகு அருகில் உள்ள அழகுக்கலைப் பள்ளியில் படித்து அனுமதிப் பத்திரமும் எடுத்தார்கள்.

அவர்களிடம் இருந்து சொந்தக்காரர், அவர்களிடம் இருந்து தெரிந்தவர் என்று தொழில் பரவியது. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தாலும் போதும், சில மாதத்தில் பழகலாம், சின்னக் கடை போடப் பெரிய முதல் தேவையில்லை. சினிமாக்காரருக்கும் பணக்காரருக்கும் மட்டும் இருந்த சேவையின் விலை வெகுவாக இறங்கி, தாதியரும் கடையில் நிற்கிற பெண்களும் போகக்கூடியதானது. இன்று அமெரிக்காவில் நகத் தொழில் செய்கிறவர்களில் அரைவாசிக்கும் மேல் வியட்நாமியப் பின்னணி உள்ளவர்கள்.

1983க்குப் பிறகு வெளியே போன எங்கட ஆக்களின் கதையில் ‘கோப்பை கழுவுறது’ என்ற சொல் இருக்கிற மாதிரி, அவர்களின் கதையில் கால் கழுவுறது இருக்கிறது. முதல் 20 பேரில் ஊரில் ஆசிரியையாக இருந்தவர்களும், படை அதிகாரிகளின் மனைவிமாரும் இருந்தார்கள். மேலே இருந்தவர் கீழே இறங்கின கதை என்று இதைச் சொல்லலாம். அந்தக் கையால் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கதை என்றும் சொல்லலாம். ரெண்டும் உண்மை. நகப்பூச்சுகளில் இருந்து வரும் தொலுயீன், போர்மல்டிஹைட் போன்ற இரசாயனங்களை நாள் முழுக்கச் சுவாசிப்பது அவர்கள்தான் என்பதும் உண்மை. விலை குறைந்தால் அதை யாரோ ஒருவர் எங்கேயோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பத்துத் தொட்டி

2000ஆம் ஆண்டு வட கலிபோர்னியாவில் ஒரு நகப் பராமரிப்புக் கடைக்குப் போய்வந்த பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டுகள் வரத் தொடங்கின. மாறவும் இல்லை, வழமையான மருந்துக்குக் கேட்கவும் இல்லை. சுகாதார அதிகாரிகள் தேடியதில் 110 வாடிக்கையாளர்களுக்கு அந்த நோய் இருந்தது. எல்லாரும் அந்தக் கடையின் சுழல்நீர்த் தொட்டியில் கால் வைத்தவர்கள். கடையில் இருந்த 10 தொட்டிகளிலும் மைக்கோபக்ரீரியம் போர்ச்சுயிற்றம் என்ற கிருமி இருந்தது. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கக்கூடிய கிருமிதான். ஆனால் தண்ணீரை உறிஞ்சும் வாயின் வலைக்குப் பின்னால், முந்தின வாடிக்கையாளர்களின் முடியும் தோலும் சேர்ந்து கிடந்த இடத்தில் அது நன்றாகப் பெருகிவிட்டது. போவதற்கு முன் காலில் சவரம் செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்ன வெட்டுகள் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டன. 2002இல் இந்த ஆய்வு வெளிவந்தது. கலிபோர்னியா அந்தத் தொட்டிகளைக் கழுவுவதற்கு விதிகள் போட்டது.

இதை வாசித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தியின் தொட்டியில் கருகிப்போனது மோட்டர். மோட்டர் இல்லாவிட்டால் தண்ணி உள்ளே போற குழாயில்லை, வலையில்லை, ஊத்தை ஒளிந்திருக்க மூலையில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தால் முடிஞ்சுது. விசாகையின் உரஞ்சியை வேண்டாம் என்று சொல்லிக் கல்லை எடுத்துக்கொண்ட மாதிரி, மலிவான பேசின்தான் சுத்தமான பேசினும்.

அம்மம்மாவின் கால்

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்குது. ஆகவே முதலில் கிளினிக்கில் கேட்டேன். அங்கே சொன்னது இதுதான். சீனி வருத்தக்காரர் காலைக் கனநேரம் ஊற வைக்கக் கூடாது, தோல் நைந்து, பிறகு காய்ந்து, இன்னும் வெடிக்கும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுதண்ணி சுடுவதே தெரியாமல் கொப்பளம் வந்துவிடும். அதனால் தண்ணி இளஞ்சூடாக இருக்க வேணும், அதையும் மற்ற ஆள் முழங்கையால் பார்க்க வேணும். ரெண்டு மூண்டு நிமிசத்தில் கழுவி எடுக்க வேணும். விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றித் துடைக்க வேணும். குதிக்கு எண்ணெய் பூசலாம், விரலிடுக்குக்குப் பூசக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேணும், மூலையைத் தோண்டக் கூடாது. பிளேட்டால் தோல் சீவவே கூடாது. ஒவ்வொரு நாளும் காலின் அடியைப் பார்க்க வேணும். வருத்தம் இல்லாதவர்கள் பத்துப் பதினைந்து நிமிசம் ஊற வைத்து, கல்லால் மெதுவாக உரஞ்சலாம்.

கடைசி விசயத்தை அம்மம்மாவிடம் சொன்னதும்தான் அவ இறங்கி வந்தா. தன் காலின் அடியைத் தானே பார்க்கிற அளவுக்கு அவவுக்கு இடுப்பு வளையாது. யாரோ ஒருவர் பார்த்துத்தான் ஆகவேணும். “சரி, கொண்டா” எண்டா.

நீலப் பேசினில் தண்ணி விட்டு, முழங்கையால் பார்த்து, ரெண்டு காலையும் எடுத்து வைத்தேன். நான் நினைத்ததைவிடப் பாரமான கால்கள். வலது குதியில் ஒரு வெடிப்பு கொஞ்சம் ஆழமாய் இருந்தது, அதை அடுத்த கிளினிக்கில் காட்ட வேணும் எண்டு குறித்து வைத்தேன். இடது பெருவிரலில் ஒரு தழும்பு. இடப்பெயர்வில் நடக்கும்போது கல் வெட்டினது எண்டா. இருபத்திரண்டு வருசம் அவவோட ஒரே வீட்டில் இருந்திருக்கிறன், அந்தத் தழும்பை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை.

துடைத்து முடித்து எழும்பப் பார்க்க, அம்மம்மா என் தோளைப் பிடிச்சு நிப்பாட்டினா.

“தண்ணியைக் கிணத்தடி வாழைக்கு ஊத்து. பிறகு வேற தண்ணி கொண்டுவந்து நீயும் இரு. உன்ர குதியும் வெடிச்சுத்தான் கிடக்கு. கம்பஸுக்கு அந்தத் தேஞ்ச செருப்போட நடந்தா வெடிக்காம என்ன செய்யும்?”